செங்காந்தள்: பூப்பது மழையில், நடுவது ஆனியில்



ஐப்பசி மழை நாலு நாள் பெய்து ஓய்ந்துவிட்டால் போதும், அரவக்குறிச்சி, பள்ளப்பட்டி, சின்னதாராபுரம் சுற்று வட்டாரத்தில் செங்காந்தள் கண்ணில் படத் தொடங்கிவிடும். கிளுவை வேலியைப் பிடித்து ஏறி, உச்சியில் தீக்கங்கு போலப் பூத்து நிற்கும். பேருந்தில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். மத்ரஸா விட்டு வரும் பிள்ளைகள் கையை நீட்டிப் பறிக்கப் பார்ப்பார்கள்.

இந்தப் பருவம் வந்தாலே நம்மிடம் ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். "இந்தச் செடியை வீட்டில் வைக்கலாமா? இப்போது தோண்டி வந்து நட்டால் பிழைக்குமா?"

சுருக்கமான பதில் இதுதான். வைக்கலாம், ஆனால் எல்லா வீட்டிலும் வைக்கக்கூடாது. நடலாம், ஆனால் இப்போது நடக்கூடாது. பூவைப் பார்த்து ஆசைப்படும் மாதம் ஒன்று, அதை நடும் மாதம் வேறொன்று. இந்த வித்தியாசம் தெரியாததால் ஒவ்வொரு கார்த்திகையிலும் பல செடிகள் தோண்டப்பட்டுத் தொட்டியில் அழுகிப் போகின்றன. அதைவிட முக்கியமாக, இந்தச் செடியின் கிழங்கும் விதையும் கடும் விஷம் என்பதை அறியாமலேயே சில வீடுகளில் அவற்றைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் இம்மடலில் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இது எந்தப் பூ?

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். இதே பூதான் ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வேயின் தேசிய மலரும்கூட. தாவர இயலில் இதன் பெயர் குளோரியோசா சூபர்பா. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா எனப் பல வெப்ப நாடுகளில் இது தானாக வளர்கிறது.

நம் ஊர்களில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்து கலப்பையின் வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பார்கள். கார்த்திகை மாதத்தில் நிறையப் பூப்பதால் கார்த்திகைப் பூ. விவசாயிகளும் வியாபாரிகளும் பெரும்பாலும் கண்வலிக் கிழங்கு என்றே சொல்கிறார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பார்ப்பதால் எதுவும் ஆவதில்லை. ஆனால் பெயரை வைத்து இதைக் கண்வலிக்கு மருந்து என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கண்ணில் பிழிவதும் பற்றுப் போடுவதும் ஆபத்து.

தமிழ் இலக்கியத்தில் காந்தளுக்குப் பழைய இடம் உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையில் முதலில் வருவது செங்காந்தள். பெண்களின் விரல்களுக்குக் காந்தள் இதழை உவமை சொல்வது சங்கப் புலவர்களின் வழக்கம்.

செடியைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, கொடி ஏறுவதற்கென்று தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பக்கத்தில் இருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு, பூவின் நிறம் நாளுக்கு நாள் மாறும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பூ இருப்பதால் வெவ்வேறு பூக்கள் என்று நினைத்துவிடத் தோன்றும். அலை அலையான ஆறு இதழ்களும் பின்னால் மடிந்து மேல்நோக்கி நிற்கும்.

மண்ணுக்கு அடியில் நடப்பது என்ன?

எப்போது நட வேண்டும் என்பது இதன் கிழங்கைப் புரிந்துகொண்டால் தானாக விளங்கிவிடும்.

கோடை முழுவதும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கிறது. மேலே இலையும் இல்லை, தண்டும் இல்லை. அந்த இடத்தில் செடி இருந்ததற்கான அடையாளமே தெரியாது. வைகாசி முடியும் தறுவாயில் கிழங்கின் நுனியில் உள்ள முளை விழிக்கிறது. ஒரு கைக்கு ஒரு முளைதான். அதிலிருந்து ஒரு தண்டு மேலே வருகிறது.

தண்டு வளரும்போது பழைய கிழங்கில் சேர்த்து வைத்த மாவுச் சத்தையெல்லாம் செலவழிக்கிறது. பழைய கிழங்கு சுருங்கிக்கொண்டே போகும். அதே வேளையில் தண்டின் அடியில் புதிய கிழங்கு ஒன்று உருவாகத் தொடங்கும். இலைகள் வெயிலில் சமைக்கும் உணவு முழுவதும் அந்தப் புதிய கிழங்குக்குப் போய்ச் சேரும். பூத்து, காய்த்து, காய் முற்றி, கொடி மஞ்சளாகிக் காயும்வரை இந்தச் சேமிப்பு நடக்கிறது. கொடி காய்ந்த பிறகு புதிய கிழங்கு முழுமை பெற்று மீண்டும் உறக்கத்துக்குப் போகிறது. பழைய கிழங்கு மட்கிப் போகிறது. ஆக, ஒவ்வோர் ஆண்டும் செடி தன் கிழங்கைப் புதிதாகச் செய்துகொள்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கொடி பூத்து நிற்கும்போது அதைத் தோண்டினால் என்ன ஆகும்? பழைய கிழங்கில் சத்து தீர்ந்திருக்கும், புதிய கிழங்கு இன்னும் நிறைந்திருக்காது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வேலையிலிருந்து நிறுத்திவிட்டது போலத்தான். வேரும் அறுந்துவிடும். தொட்டியில் வைத்த நாலாம் நாள் கொடி வாடும். அடுத்த ஆண்டு முளைப்பதற்கும் கிழங்கில் பலம் இருக்காது. பூவோடு தோண்டி எடுத்த செடி பிழைக்காததற்குக் காரணம் நம் கை ராசி அல்ல, எடுத்த மாதம்தான்.

எப்போது நட வேண்டும்?

ஆனி மாதம் தொடங்கி ஆடி பாதிவரை நடலாம். ஆங்கில மாதத்தில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடிய. நம் பகுதியில் இதைப் பயிராகச் செய்யும் விவசாயிகளும் ஜூன், ஜூலையில்தான் நடுகிறார்கள்.

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கிழங்கு தானாக விழிக்கும் காலம் அதுதான். தூங்கும் கிழங்கை மாசியிலோ பங்குனியிலோ நட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது முளைக்காது, ஈரத்தில் அழுகிப் போகும். இரண்டாவது, ஆனியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேரும் தண்டும் உறுதியாகிவிடும். ஐப்பசி அடைமழையில் புதுக் கிழங்கை நட்டால் தேங்கும் தண்ணீரே அதைக் கொன்றுவிடும். மூன்றாவது, இந்தப் பயிருக்கு நட்டதிலிருந்து காய் முற்ற ஏறத்தாழ ஆறு மாதம் தேவை. ஆனியில் தொடங்கினால் மார்கழி, தையில் காய் முற்றும்போது மழை ஓய்ந்து வெயிலும் இருக்கும்.

ஆனியில் நட்ட கிழங்கு இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மொட்டு விடத் தொடங்கும். வேலியில் தானாக வளரும் செடி மழையை எதிர்பார்த்து நிற்பதால் சற்றுத் தாமதமாகப் பூக்கும். தண்ணீர் ஊற்றி வளர்க்கும் வீட்டுச் செடி முந்திப் பூக்கும்.

ஒரு சிறு குறிப்பு. நம் வீடுகளில் பல காரியங்களைப் பெருநாளை வைத்து நினைவு வைத்துக்கொள்வது வழக்கம். "போன ஹஜ் பெருநாளுக்கு மறுவாரம் நட்டோம்" என்று சொல்வோம். செடிக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. மூன்று ஆண்டில் ஒரு மாதத்துக்கு மேல் முன்னே நகர்ந்துவிடும். மழையும் வெயிலும் சூரியக் கணக்கில் நடப்பவை. ஆகவே நடவுக்கு ஆனி, ஆடி என்று தமிழ் மாதத்தையே குறித்து வையுங்கள்.

எப்படி நட வேண்டும்?

கிழங்கு வாங்கும்போது இரண்டு கையும் முழுமையாக உள்ளதா என்று பாருங்கள். ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள கிழங்கு நன்றாகப் பூக்கும். மிகச் சிறியதாக இருந்தால் முதல் ஆண்டு பூக்காமலே போகலாம். இந்தக் கிழங்கு வெள்ளரிப் பிஞ்சைப் போலச் சட்டென்று ஒடியும். முளை இருப்பது நுனியில் என்பதால் நுனி ஒடிந்தால் அந்தக் கையிலிருந்து செடி வராது. எனவே பையில் போட்டுக் குலுக்காமல் காய்ந்த மணலிலோ மரத்தூளிலோ வைத்துக் கொண்டுவர வேண்டும். தொடும்போது கையுறை அல்லது ஒரு நெகிழிப் பை கையில் இருக்கட்டும்.

தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் இதற்கு மிகவும் ஏற்றது. களிமண்ணாக இருந்தால் மணல் கலந்து மேட்டுப் பாத்தியாகக் கட்டிக்கொள்ளலாம். தொட்டியில் வைப்பதானால் ஓர் அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். அடியில் துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லு வைக்க மறக்க வேண்டாம்.

கிழங்கை நிமிர்த்தி நடக்கூடாது. நான்கு விரல் ஆழத்தில் படுக்கவைத்து மண்ணால் மூட வேண்டும். ஒரு கிழங்குக்கும் மறு கிழங்குக்கும் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். நட்ட அன்று நன்றாக நனையும்படி தண்ணீர் விட்டு, முளை தெரியும்வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். முளை வந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மண் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து ஊற்றலாம்.

நடும்போதே பக்கத்தில் குச்சி ஊன்றிவிடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இளம் தண்டு எம்மாத்திரம்? ஒரு முளைக்கு ஒரு தண்டுதான் என்பதால் அது முறிந்தால் அந்த ஆண்டுப் பூ போனதாகவே கணக்கு. வயல்களில் கிளுவை, விராலி போன்றவற்றின் மேல் படரவிடுகிறார்கள். கம்பி கட்டியும் படரவிடுவதுண்டு. வீட்டில் இலை நுனி பிடித்து ஏறும் அளவுக்கு மெல்லிய குச்சிகளே நல்லது. தடித்த கம்பத்தை அதனால் சுற்றிப் பிடிக்க முடியாது.

கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு ஒன்று இலையைத் தின்ன வரும். காந்தள் குடும்பத்து இலைகளையே தேடி வரும் புழு அது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் கொடியை மொட்டை அடித்துவிடும். மாலையில் ஒரு குச்சியால் தள்ளிச் சோப்பு நீரில் போட்டுவிட்டால் போதும், வீட்டுச் செடிக்குப் பூச்சிமருந்து தேவைப்படாது.

கொடி மஞ்சளாகும்போது தண்ணீரைக் குறைத்து, காய்ந்ததும் முற்றிலும் நிறுத்திவிடுங்கள். கிழங்கைத் தோண்ட வேண்டியதே இல்லை. அதே தொட்டியில் மழை படாத இடத்தில் இருக்கட்டும். தொட்டியின் மேல் மாதத்தையும் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். காலித் தொட்டி என்று நினைத்து வேறு யாரும் கொத்திவிடாமல் இருக்கவும், உள்ளே இருப்பது விஷக் கிழங்கு என்று தெரியவும் அது உதவும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் விதை முளைக்கவே பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். பூ வர மூன்று நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும்.

காட்டுக் கிழங்கைத் தோண்ட வேண்டாம்

இந்தப் பயிரின் விதைக்கு மருந்து நிறுவனங்களிடம் தேவை உண்டு. அதனால் நடவுக்கான கிழங்குக்கும் நல்ல விலை கிடைக்கிறது. அந்த விலைக்காகக் காட்டோரத்திலும் புறம்போக்கிலும் வேலியிலும் உள்ள கிழங்குகளைத் தோண்டி விற்கும் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஒரு செடி காய்த்து, விதை விழுந்து, முளைத்துப் பூக்க நான்கு ஆண்டு வரை ஆகும் என்று மேலே சொன்னோம். அதைத் தோண்டி எடுக்கவோ நான்கு நிமிடம் போதும். தோண்டும் வேகத்துக்குச் செடி ஈடுகொடுக்க முடியாது.

நம் கபரஸ்தான் வேலிகளில் இன்னும் ஆங்காங்கே காந்தள் இருக்கிறது. யாரும் உழாத, கொத்தாத நிலம் என்பதால் அது அங்கே தங்கியிருக்கிறது. வேலியைச் சீர்செய்யும்போது அதைக் களை என்று வெட்டி எறியாமல், கொடி காயும் வரையாவது விட்டுவைக்கும்படி பராமரிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பயிர் செய்யும் விவசாயியிடம் காசு கொடுத்து இரண்டு கிழங்கு வாங்குவதே சரியான வழி. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் இதைப் பயிரிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

விஷம் என்பதை மறக்கக் கூடாது

இந்தப் பகுதியை வீட்டில் உள்ள எல்லோரும் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

செங்காந்தளின் எல்லாப் பாகத்திலும் கோல்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அது அதிகம். இதே பொருளை மிகச் சிறிய அளவில், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையாக கவுட் என்னும் மூட்டு வீக்க நோய்க்குத் தருகிறார்கள். விதைக்கு விலை கிடைப்பது இதனால்தான். மருந்தின் அளவுக்கும் விஷத்தின் அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு. ஆகவே கிழங்கை வீட்டில் இடித்து, அரைத்து மருந்தாகப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

கோல்சிசின் உடலில் என்ன செய்கிறது? நம் உடலில் செல்கள் இரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பிரிவை இது தடுத்துவிடுகிறது. வேகமாகப் புதுப்பிக்க வேண்டிய இடங்கள்தான் முதலில் பாதிக்கப்படும். குடலின் உட்புறத் தோல் பாதிக்கப்படுவதால் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படுவதால் இரத்த அணுக்கள் குறைகின்றன. பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டுவதும் இதனால்தான்.

இதில் மிகப் பெரிய ஆபத்து, அறிகுறி உடனே தெரியாது என்பது. தின்று சில மணி நேரம் கழித்தே வயிற்று வலியும் வாந்தியும் தொடங்கும். பிறகு சற்றுத் தெளிந்தது போலவும் தோன்றலாம். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. இதயம், சிறுநீரகம் முதலியவை பிறகுதான் பாதிக்கப்படும். இதற்கு எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இல்லை. எவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைக்குப் போகிறோமோ அவ்வளவு நல்லது.

விபத்து எப்படி நேர்கிறது? பெரும்பாலும் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றோ வேறு உண்ணும் கிழங்கு என்றோ நினைத்துச் சமைப்பதால். வேகவைத்தாலும் இந்த விஷம் போகாது. அடுத்து, விதை. முற்றிய காய் வெடித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் உருண்டை உருண்டையாக விதை இருக்கும். பாசிமணி போல அழகாக இருப்பதால் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

நடவுக் கிழங்கைச் சமையலறையிலோ வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் கூடையிலோ ஒருபோதும் வைக்க வேண்டாம். பூட்டிய அறையில், உயரமான இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

வீட்டுச் செடியில் காய் பிடித்தால் முற்றும் முன்பே பறித்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு "பார்க்கலாம், தொடக்கூடாது" என்று சொல்லிக் கொடுங்கள். பூவைப் பறித்து விளையாடியிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது, கை வைத்தியம் செய்வது எதுவும் வேண்டாம். மிச்சமிருக்கும் கிழங்கையோ விதையையோ ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். "கண்வலிக் கிழங்கு தின்றிருக்கிறார்" என்று மருத்துவரிடம் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை சிகிச்சையைத் தொடங்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

வயல் வேலைக்குச் செல்லும் சகோதரிகளுக்கு

காந்தள் பூவில் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தம் உள்ள கேசரங்களை விட்டு விலகி நிற்கும். அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை எட்டு மணி முதல் பதினொரு மணிக்குள் ஆட்கள் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். நம் பகுதியில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். காய் உடைத்து விதை உதிர்க்கும் வேலையும் அப்படித்தான்.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் கையுறை கேட்டு வாங்குங்கள். வேலையின் நடுவே கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம், வெற்றிலை போட வேண்டாம். வீடு திரும்பியதும் உடை மாற்றி, கை கால் முகம் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள், பால் கொடுங்கள். விதை உதிர்க்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். தலைப்பிலோ மடியிலோ விதை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடாதபடி உதறிவிட்டு வாருங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. செல் பிரிவைத் தடுக்கும் பொருள் என்று மேலே சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்.

நிலம் வைத்திருந்து இதைப் பயிரிட எண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ கிழங்கு வாங்க வேண்டியிருப்பதால் முதல் செலவு பெரியது. பந்தலுக்கும் கூலிக்கும் செலவு உண்டு. விதை விலை ஓர் ஆண்டு ஏறும், ஓர் ஆண்டு விழும். குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் இந்தப் பயிர் இல்லை. பக்கத்து வயலில் லாபம் வந்தது என்று கேள்விப்பட்டு நகையை அடகு வைத்து இறங்க வேண்டாம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்து, சிறிய அளவில் தொடங்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எந்த வீட்டில் வைக்க வேண்டாம்?

தவழும், நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் செடி வேண்டாம். மனநிலை சரியில்லாதவர்கள், நினைவு தடுமாறும் முதியவர்கள் இருக்கும் வீட்டிலும் வேண்டாம். குர்பானிக்கென்று முற்றத்தில் ஆடு கட்டி வளர்க்கும் வீட்டிலும் வேண்டாம். கால்நடைகளுக்கும் இது விஷம்தான்.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு நம் மண்ணின் மற்றொரு பூ இருக்கிறது, ஆவாரை. அதே செம்மண்ணில், அதே காய்ந்த காற்றில், தண்ணீர் கேட்காமல் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். அதன் விதைக்குத் தோல் கடினம். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊற வைத்து, ஆடியிலோ ஆவணியிலோ விதைத்தால் முளைத்து வரும். கிழங்கும் இல்லை, பந்தலும் தேவையில்லை. பிள்ளை கைவைத்து விடுமோ என்று ஒவ்வொரு நாளும் கவலைப்படவும் வேண்டாம்.

காந்தளை வைக்க முடிந்த வீடுகளுக்கு மாதக் கணக்கை மீண்டும் சொல்லி முடிக்கிறோம். கார்த்திகையில் வேலியில் பூவைப் பாருங்கள், தோண்டாதீர்கள். தை, மாசியில் கொடி காய்ந்த பிறகு விவசாயியிடம் கிழங்குக்குச் சொல்லி வையுங்கள். வைகாசியில் தொட்டியும் மண்ணும் குச்சியும் தயார் செய்யுங்கள். ஆனியில் நடுங்கள். ஆடியில் காற்றுக்குக் கட்டிவிடுங்கள். புரட்டாசிக்குள், இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டு வாசலிலேயே அது பூத்திருக்கும். இந்தப் பக்கத்தை வெட்டி, விஷத்தைப் பற்றிய பகுதி வெளியே தெரியும்படி சுவரில் ஒட்டி வையுங்கள்.